திருப்பூணித்துறைக்கு ஒரு பிரயாணம்

பிழைப்பின் நிமித்தம் பட்டணத்தில் வந்து குடியேறிய நம்மில் அநேகருக்கு, ஊரிலிருந்து வருகிற தொலைபேசி அழைப்பு ஒரே கேள்வியில்தான் முடிகிறது: "எப்போது வருகிறாய்?" நாமும் அதற்கு ஒரு பதிலை ஆயத்தமாக வைத்திருக்கிறோம். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியட்டும், விடுப்புக் கிடைக்கட்டும், மழை ஓயட்டும். ஒன்பது ஆண்டுகளாக நானும் இந்தப் பதிலையே சொல்லிவந்தேன். எங்கள் குடும்பம் இருப்பது கொச்சியை அடுத்த திருப்பூணித்துறையில். சென்னையிலிருந்து சாலை வழியாகச் சுமார் 690 கிலோமீட்டர். ரயிலில் ஓர் இரவு. தூரத்தைக் காரணம் காட்டுவதற்கு உண்மையில் வழியே இல்லை. ஆகிலும் காட்டினேன்.

அப்பா திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர். 1950-களின் பிற்பகுதியில் மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு வியாபாரியிடம் கணக்கெழுதப் போனார். அக்காலத்தில் மட்டாஞ்சேரி என்றால் மிளகு, சுக்கு, ஏலம். இந்திய மிளகு மற்றும் நறுமணப் பொருள் வாணிபச் சங்கம் 1957-ல் அங்கேதான் தொடங்கப்பட்டது. யூதத்தெருவில் இருந்த அதன் கூடத்தில் வியாபாரிகள் கைகளை உயர்த்திக் கூவி விலை பேசுவார்களாம். அப்பா வீட்டுக்கு வரும்போது சட்டையில் மிளகின் காரம் ஏறியிருக்கும்; எங்களைத் தூக்கினால் தும்மல் வரும். பிறகு திருப்பூணித்துறையில் மூன்று சென்டு நிலம் வாங்கி ஓட்டு வீடு கட்டினார். கொச்சியில் தமிழர் குடியிருப்பது புதிதல்ல. கோட்டைக் கொச்சியில் வெளி என்னும் இடத்திலுள்ள சலவைத்துறையில் இன்றைக்கும் தமிழ் வண்ணார் குடும்பங்களே தலைமுறையாகத் துணி வெளுத்து வருகின்றன. எங்கள் வீட்டிலும் அடுக்களையில் தமிழ், வாசலில் மலையாளம் என்று வளர்ந்தோம்.

2025 டிசம்பர் மூன்றாம் வாரத்தில், ஒருநாள் அதிகாலை நான்கு மணிக்கு ஜெபித்துவிட்டுப் புறப்பட்டோம். வண்டியை ஓட்டினது என் மகன், வயது 24. பின்னிருக்கையில் என் மனைவியும் மகளும். என் சட்டைப்பையில் ஒரு உறை, அதில் 60,000 ரூபாய். அது எதற்கென்று என் மனைவிக்கு மட்டும் தெரியும்.

அந்த உறையின் கதை

வாசகர்களிடம் இதை மறைத்துவிட்டுப் பிரயாணக் கட்டுரை எழுதுவது நேர்மையாகாது. எறணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் 1987 முதல் 1990 வரை வேதியியல் படித்தபோது நாங்கள் ஐந்து பேர் ஒரு கூட்டம். அவர்களில் ஒருவன் திருப்பூணித்துறைக்காரன். எங்கள் வீட்டிலிருந்து கால்மணி நேர நடையில் அவன் வீடு. படிப்பு முடிந்ததும் அவனுக்கு அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர் வேலை கிடைத்தது. எனக்கு அப்படி எதுவும் வாய்க்கவில்லை. சிறு வேலைகள் பார்த்துக்கொண்டே 2003-ல் ஒரு சீட்டில் சேர்ந்தேன். மாதம் 2,500 ரூபாய் வீதம் 40 மாதம்; முழுத் தொகை ஒரு லட்சம்.

சீட்டு எடுத்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது தெரியும். பாதியில் ஏலம் கூவிப் பணத்தை எடுக்கிறவன், கழிவு போகக் கிடைப்பதை வாங்கிக்கொண்டு, மீதித் தவணைகளைக் கடைசிவரை கட்டவேண்டும். அதற்கு ஜாமீன் வேண்டும். கேரளத்தில் அந்த ஜாமீனுக்குச் சம்பளச் சான்றிதழ் கேட்பார்கள். அரசு ஊழியர் கையெழுத்து என்றால் உடனே ஒத்துக்கொள்வார்கள். தவணை நின்றால் ஜாமீன் நின்றவரின் சம்பளத்திலேயே பிடித்தம் செய்துகொள்ளலாம் என்பதுதான் அதன் அர்த்தம். என் நண்பன் படிக்காமலே கையெழுத்திட்டான். நான் 2004-ல் 70,000 ரூபாயை எடுத்துக்கொண்டு சென்னைக்கு வந்தேன். வீட்டு முன்பணமும் பிள்ளையின் பள்ளிச் செலவும் அதில் கரைந்தன. 2005-ன் இறுதியில் நான் வேலை பார்த்த சிறு பட்டறை மூடப்பட்டது. அடுத்த பதினோரு தவணைகளை நான் கட்டவில்லை. அவன் சம்பளத்தில் மாதம் 2,500 வீதம் 27,500 ரூபாய் போயிற்று.

முதல் மாதம் அவன் தொலைபேசியில் அழைத்தான். "அடுத்த வாரம் அனுப்பிவிடுகிறேன்" என்றேன். இரண்டாம் மாதமும் அழைத்தான். மூன்றாம் மாதம் நான் தொலைபேசியை எடுக்கவில்லை. அதன்பின் அவன் அழைக்கவும் இல்லை. நிலைமை சீரான பிறகும் பணத்தை அனுப்ப எனக்குக் கை வரவில்லை. பணத்தோடு ஒரு வார்த்தையும் சேர்த்து அனுப்பவேண்டுமே, அந்த வார்த்தை என்னிடத்தில் இல்லை. 2016-ல் அப்பா இறந்தபோது விமானத்தில் போய் இரண்டே நாளில் திரும்பினேன். அடக்கத்துக்கு அவன் வந்திருந்தான். வாசற்படலின் அருகே கைகட்டி நின்றவனை நான் கண்டும் காணாதவன்போல இருந்தேன். 2019-ல் அவன் மகளின் கலியாண அழைப்பிதழ் தபாலில் வந்தது. அதற்கும் போகவில்லை.

சாலை நமக்காகக் காத்திருக்கவில்லை

திண்டிவனம், உளுந்தூர்ப்பேட்டை வழியாக ஒன்பதரை மணிக்கெல்லாம் சேலம் வந்துவிட்டோம். நான் பேருந்தில் போய்வந்த காலத்துச் சாலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சேலத்திலிருந்து கொச்சிக்குப் போவதை அக்காலத்தில் 47-ஆம் எண் நெடுஞ்சாலை என்போம். இப்போது அது 544. எண் மாறியதுகூட எனக்கு மகன் சொல்லித்தான் தெரியும். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கோவை நகருக்குள் நுழையாமல் நீலாம்பூரிலிருந்து மதுக்கரைக்குப் போகிற புறவழிச்சாலை வசதியானதுதான், ஆனால் எதிரும் புதிருமாக வண்டி வரும் இருவழிச்சாலை அது. நான்குவழியில் வந்த வேகத்தை அங்கே குறைத்தே ஆகவேண்டும். மகனிடம் இதை இரண்டு தடவை சொன்னேன். மூன்றாம் தடவை சொல்லவந்தபோது என் மனைவி முழங்கையால் இடித்தாள்.

வாளையாற்றில் நான் மகனை வண்டியை மெதுவாக விடச் சொன்னேன். இங்கேதான் வரி சோதனைச் சாவடி இருந்தது. சரக்கு லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் வரிசை பிடித்து நிற்கும். ஓட்டுநர்கள் லாரிக்கு அடியிலேயே சமைத்துச் சாப்பிட்டுப் படுத்திருப்பார்கள். எங்கள் பேருந்து அந்த வரிசையின் ஓரத்தில் ஊர்ந்துபோகும். 2017 ஜூலை முதல் தேதி சரக்கு சேவை வரி வந்ததோடு அந்த வரி சோதனை ஒழிந்தது. இப்போது மேற்குத்தொடர்ச்சி மலையின் அந்தப் பெரிய இடைவெளியில் காற்று மட்டும் வழிமறிக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலமுள்ளது. தமிழ்நாட்டு வெப்பக்காற்று மேற்கே போவதும் கடற்காற்று கிழக்கே வருவதும் அதன் வழியாகத்தான். வயல் வரப்புகளில் கரும்பனைகள் நிற்பதைக் கண்டதும் என் மகள், "இது கேரளாதானா? நம் ஊர் மாதிரியே இருக்கிறதே" என்றாள். பாலக்காட்டைப் பார்க்கிற எல்லாரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள்.

குதிரான் மலையேற்றத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் பெரிதாகச் சொல்லி வைத்திருந்தேன். ஒரு லாரி பழுதானால் போதும், மூன்று மணிநேரம் மலைமேல் நிற்கவேண்டும் என்றெல்லாம். வண்டி ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்தது; ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்; ஒரு நிமிடத்தில் வெளியே வந்தது. "அப்பா, குதிரான் எப்போது வரும்?" என்றான் மகன். அதுதான் குதிரான். முதல் சுரங்கம் 2021 ஜூலை இறுதியிலும் இரண்டாவது 2022 ஜனவரியிலும் திறக்கப்பட்டன. நான் பயமுறுத்திய மலைக்கு உள்ளேயே நாங்கள் போய்வந்துவிட்டோம்.

ஆனால் எல்லாம் சுலபமாகிவிட்டது என்று எண்ணவேண்டாம். மண்ணுத்தி தாண்டி அங்கமாலி வரைக்கும் கீழ்ப்பாலங்கள் கட்டுகிற வேலையால் வண்டிகள் நின்று நின்றுதான் போகின்றன. நெரிசல் தாங்காமல் வழக்குப் போட்டு, 2025 ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை பாலியக்கரைச் சுங்கச்சாவடியில் கட்டணம் வாங்குவதைக் கேரள உயர்நீதிமன்றமே நிறுத்தி வைத்திருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எடப்பள்ளி தாண்டி, வைற்றிலாவில் இடப்புறம் திரும்பி, மெட்ரோ ரயில் தூண்களுக்குக் கீழே பேட்டை வழியாகத் திருப்பூணித்துறைக்குள் நுழையும்போது இரவு ஏழரை மணி.

அந்த மெட்ரோ 2024 மார்ச் மாதம் எங்கள் ஊர்வரை வந்து சேர்ந்தது. அதைப் பார்த்தபோது அப்பா அடிக்கடி சொல்லும் வேறொரு ரயிலின் கதை நினைவுக்கு வந்தது. கொச்சி சமஸ்தானத்தில் முதன்முதல் ஷொரணூரிலிருந்து எறணாகுளத்துக்கு ரயில் வந்தது 1902-ல். அதற்குப் பணம் போதாமல், அப்போதைய மகாராஜா ராமவர்மா, திருப்பூணித்துறைக் கோயில் யானைகளுக்குரிய பதினைந்து தங்க நெற்றிப்பட்டங்களில் பதினான்கை விற்றுக் கொடுத்தார் என்பது ஊரறிந்த சரித்திரம். பின்னர் 1914-ல் அவரே ஆட்சியையும் துறந்தார். ஓர் அரசர் பொன்னை விற்று வெளியூருக்கு வழி உண்டாக்கிய ஊர் அது. அந்த ஊரில் பிறந்த நான், 27,500 ரூபாய்க்காக வழியையே மறந்தவன்.

"எய்யா, வந்துட்டியா?"

அம்மாவுக்கு வயது 82. விளக்கடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் முன்னே போனேன்; மகன் எனக்குப் பின்னால் பைகளோடு வந்தான். அம்மா என்னைத் தாண்டி அவனைப் பார்த்து இரண்டு கைகளையும் நீட்டினார்கள். "எய்யா, வந்துட்டியா? பட்டறையில லீவு குடுத்தாங்களா?" மகன் திகைத்து என்னைப் பார்த்தான். பிறகு குனிந்து, "வந்துட்டேன்" என்றான். அம்மா நினைவில் வைத்திருந்தது 2004-ல் வீட்டைவிட்டுப் போன என்னைத்தான். அந்த முகம் இப்போது என்னிடத்தில் இல்லை, அவனிடத்தில் இருக்கிறது. சற்று நேரம் கழித்து என்னையும் அடையாளம் கண்டுகொண்டார்கள். ஆனால் அந்தச் "சற்று நேரம்" எனக்கு நீண்டதாயிருந்தது.

மதினி குடம்புளி போட்ட மீன்குழம்பும் மரவள்ளிக்கிழங்கும் வைத்திருந்தார்கள். பிள்ளைகள் தூங்கப்போன பிறகு அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து, அதுவரை என்னிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னார். 2023 மழைக்காலத்தில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது அண்ணன் வெளியூரில் இருந்தார். மதினி கூப்பிட்டது என் நண்பனைத்தான். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் போனதும், அன்றிரவு வராந்தாவில் படுத்திருந்ததும் அவன்.

"ஏன் அண்ணே என்னிடம் சொல்லவில்லை?"

"அவன்தான் வேண்டாம் என்றான். சொன்னால் நீ வருகிறதும் நின்றுவிடும் என்றான்."

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் காலை அவன் வீட்டுக்கு நடந்தே போனேன். வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். நான் உறையை நீட்டுவேன், அவன் வேண்டாம் என்பான், நான் வற்புறுத்துவேன், இருவரும் கண்கலங்குவோம். நடந்தது அதுவல்ல. கதவைத் திறந்தான், தலை முழுவதும் நரைத்திருந்தது. "எடா, உள்ளே வா" என்றான். நான் மன்னிப்பு என்ற சொல்லைத் தமிழில் சொல்வதா மலையாளத்தில் சொல்வதா என்று தடுமாறிக்கொண்டே உறையை நீட்டினேன். அவன் வாங்கிக்கொண்டான். "ஆமாம், இது என் பணந்தான்" என்றான். வேண்டாம் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. மலையாளத்தில் "சாரமில்ல" என்றொரு சொல் உண்டு. பரவாயில்லை என்று பொருள். காலை மிதித்தாலும், கடனை மறந்தாலும் அதைச் சொல்லிவிடுவார்கள். அவன் அதையும் சொல்லவில்லை. எனக்கு அது ஒருவிதத்தில் ஆறுதலாயிருந்தது. சாரம் இருந்ததல்லவா?

சேச்சி அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். உட்காரச் சொல்லவில்லை. "2006-ல் நாங்கள் இந்த வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தோம்" என்றார்கள். "சம்பளம் பிடித்ததால் மேல்தளம் போட முடியவில்லை. இரண்டு மழைக்காலம் தார்ப்பாய் கட்டிக்கொண்டு பிள்ளைகளோடு இருந்தோம். இது உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. பத்தொன்பது வருஷமாக நான் கணக்குப் பார்த்ததெல்லாம் அசலும் வட்டியும். தார்ப்பாய் என் கணக்கில் வரவே இல்லை. தெரியாது என்று சொன்னேன். அவர்கள் உள்ளே போய்விட்டார்கள். பிறகு தேநீர் வந்தது. கொண்டுவந்தது அவர்களுடைய மகன்.

படகில் நால்வர்

மூன்றாம் நாள் கல்லூரி நண்பர்கள் கூடுவதாக ஏற்பாடு. ஐவரில் ஒருவன் 2021-ல் கொரோனாவில் மறைந்துவிட்டான். ஒருவன் மட்டாஞ்சேரியில் மளிகைச் சரக்குக் கடை வைத்திருக்கிறான். ஒருவன் வளைகுடாவிலிருந்து திரும்பி, மருத்துவர் உத்தரவின்படி நடந்துகொண்டிருக்கிறான். மகாராஜாஸ் கல்லூரி வாசலில் பத்து மணிக்கு என்று பேச்சு. 1875-ல் கல்லூரியான அது 150 ஆண்டுகளைக் கண்டுவிட்டது. மரங்கள் எங்களைவிட நன்றாக இருக்கின்றன. பத்தரை வரைக்கும் அவன் வரவில்லை. வரமாட்டான் என்றே எண்ணினேன். பத்தே முக்காலுக்கு மெட்ரோவில் வந்து இறங்கி, தாமதத்துக்குக் காரணம் எதுவும் சொல்லாமல் எங்களோடு சேர்ந்து நடந்தான்.

படிக்கிற காலத்தில் கல்லூரிக்கு எதிரேயுள்ள பூங்காவைச் சுற்றிக்கொண்டு போய், எறணாகுளம் படகுத்துறையில் சில்லறை கொடுத்து மட்டாஞ்சேரிக்குப் படகு ஏறுவோம். டீசல் புகையும் சத்தமும் பேசவிடாது. இப்போது உயர்நீதிமன்றத்துக்கு அருகிலிருந்து நீர்மெட்ரோ போகிறது. 2023 ஏப்ரலில் தொடங்கியது. மட்டாஞ்சேரித் துறையை 2025 அக்டோபரில்தான் திறந்தார்கள். கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் கட்டிய படகுகள், மின்கலத்தால் ஓடுகின்றன, நூறு பேர் ஏறலாம். குளிரூட்டிய அந்தப் படகில் சத்தமே இல்லை. சத்தமில்லாத இடத்தில் எங்கள் நால்வருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. வில்லிங்டன் தீவு தெரிந்ததும் வளைகுடா நண்பன், இந்தத் தீவே துறைமுகத்துக்காக ஆழப்படுத்தித் தோண்டிய மண்ணால் ஆனதென்று என் பிள்ளைகளுக்கு விளக்கத் தொடங்கினான். ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலப் பொறியாளர் 1920-களிலும் 30-களிலும் செய்த வேலை அது. இதே கதையை இவன் 1988-லும் இதே இடத்தில்தான் சொன்னான். நண்பனும் நானும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். அவ்வளவு நாளைக்குப் பின் நாங்கள் சேர்ந்து சிரித்தது அதற்காகத்தான்.

மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டின யூத ஜெபாலயத்தையும், போர்ச்சுக்கீசியர் 1555-ல் கட்டி பின்பு டச்சுக்காரர் பெயரால் வழங்குகிற அரண்மனையையும் பிள்ளைகளுக்குக் காட்டினோம். அப்பா கணக்கெழுதிய கிட்டங்கியைத் தேடினேன். பழைய கிட்டங்கிகளில் பல இப்போது பழம்பொருள் கடைகளாகவும் காப்பிக்கடைகளாகவும் ஆகிவிட்டன. 2012 முதல் நடக்கிற கொச்சி–முசிறிஸ் கலைவிழாவுக்குச் சில கிட்டங்கிகள் ஓவியக்கூடங்களாகின்றன. அப்பாவின் கிட்டங்கியில் வெண்கல உருளிகளை விற்கிறார்கள். முற்றத்தில் நின்று மூச்சை இழுத்தேன். மிளகு வாசனை இல்லை. பக்கத்துச் சந்தில் கடை வைத்திருக்கும் நண்பன் என்னைக் கூட்டிப்போய், ஒரு மூட்டையின் வாயைப் பிரித்துக் காட்டினான். என் மகள் தும்மினாள்.

மாலையில் திருப்பூணித்துறைக்குத் திரும்பும் மெட்ரோவில் நண்பனும் நானும் அடுத்தடுத்து உட்கார்ந்தோம். இறந்துபோன ஐந்தாமவனின் மனைவி இப்போது எங்கே வேலை செய்கிறாள், அவன் பிள்ளை என்ன படிக்கிறான் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. வடக்கேக்கோட்டையில் அவன் இறங்கினான். வீட்டுக்கு வா என்று சொல்லவில்லை. வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நான்காம் நாள் விடியுமுன் புறப்பட்டோம். அம்மா விழித்திருந்தார்கள். இந்தமுறை என்னையும் மகனையும் மாறிமாறிப் பார்த்து, சந்தேகத்துக்கு இடமின்றி இருவர் தலையிலும் கை வைத்தார்கள். வாளையாற்றைத் தாண்டும்போது மணி எட்டு. தொலைபேசி ஒலித்தது. அவன் எண். பத்தொன்பது வருஷத்துக்குப் பின் அந்த எண்ணிலிருந்து வந்த முதல் அழைப்பு.

"வியாழக்கிழமை அம்மாவைக் கண் மருத்துவரிடம் கூட்டிப்போகவேண்டுமாம். அண்ணனுக்கு வேலை இருக்கிறதாம். நான் போகிறேன். ஆட்டோவுக்குப் போகவர 400 ரூபாய் ஆகும்."

"நான் அனுப்பிவிடுகிறேன்" என்றேன்.

"அடுத்த வாரமா?" என்றான்.

மகனிடம் சொல்லி வண்டியைச் சாலையோரம் நிறுத்தச் செய்தேன். காற்று வண்டியை அசைத்துக்கொண்டிருந்தது. அங்கேயே, கைபேசியில், 400 ரூபாய் அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததா என்று கேட்டேன். "வந்தது" என்றான்.